யஞ்சிமா இரண்டு முறை கொடுத்த பிள்ளை

போன கோடையில் அக்போதாவுக்குக் கல்யாணம். பெரிய தட்டில் குதிரைக்கறியை மலையாகக் குவித்து வைத்து, பெண்கள் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மணப்பெண்ணின் அம்மாவுக்கென்று மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த வெல்வெட் மேலங்கியைப் பிபிஷின் தோளில் போட்டுவிட்டார்கள். பிபிஷ் வேர்க்க வேர்க்க அதைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். யஞ்சிமா சித்திமார்கள் வரிசையில் என் பக்கத்தில் இருந்தாள். அவள் கை கழுவ எழுந்து போனதும், வெளியூரிலிருந்து வந்த ஒரு சம்பந்தியம்மாள் என் பக்கம் சாய்ந்தாள்.

"இவங்கதானே பெத்த பிள்ளையத் தூக்கிக் கொடுத்தவங்க? அதுவும் ரெண்டு தடவ கொடுத்தாங்களாமே! மங்கோலியப் பொம்பளைங்களுக்குக் கல்லு மனசுன்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க. சரியாத்தான் இருக்கு."

"உங்க ஊர்ல இன்னும் என்னென்ன சொல்லுவாங்க? கறி ஆறுது, தின்னுங்க," என்றேன்.

அதற்கு மேலும் பேசியிருப்பேன், எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதற்குள் யஞ்சிமா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டாள். அன்று விழுங்கிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். நானும் கசாக் பெண்தான். மங்கோலியாவின் மேற்குக் கோடியில், கசாக் மக்கள் நிறைந்த உல்கீ நகரத்துப் பாலர் பள்ளியில் சின்னப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டியே தலை நரைத்தவள். யஞ்சிமா வீட்டு வேலியும் என் வீட்டு வேலியும் ஒரே பலகை. பார்த்ததையும் அவள் வாயால் கேட்டதையும் மட்டும் சொல்கிறேன்.

யஞ்சிமா மங்கோலியரில் உரியங்காய் இனத்துப் பெண். பனிமலை அடிவாரத்தில் ஆடும் யாக் மாடும் மேய்த்த குடும்பம். நகரத்துத் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலைக்கு வந்தாள். எர்போல் எங்கள் தெருப் பையன், லாரி ஓட்டுபவன், ருஷ்ய எல்லையிலிருந்து மாவும் டீசலும் ஏற்றி வருவான். வழியில் வண்டி பழுதாகும்போதெல்லாம் வீட்டுக்குப் பேச இணைப்புக் கேட்பான். போகப் போக வண்டி அடிக்கடி பழுதாக ஆரம்பித்தது. வீட்டு எண்ணைக் கேட்காமல் அந்தக் குரலிடமே பேசிக்கொண்டிருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

அவர்கள் கல்யாணத்தன்று முல்லா சொல்லச் சொன்னதையெல்லாம் யஞ்சிமா தடுமாறித் தடுமாறிச் சொன்னாள். மறுநாள் காலையில் பால்டீ கொதித்ததும் முதல் கரண்டியை வெளியே கொண்டுபோய் வானத்துக்குத் தெளித்தாள். எர்போலின் அண்ணி பிபிஷ் வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"என்னங்க இது, நேத்துதான் முஸ்லிமாச்சு, இன்னிக்கு வானத்துக்கு டீ ஊத்துது!"

"ஊத்தட்டும் விடு. வானமும் அல்லா படைச்சதுதானே," என்றார் தலப். எர்போலின் அண்ணன். அவர் எப்போதும் அப்படித்தான், பேச்சு குறைவு, நியாயம் அதிகம். அப்பா அம்மா இறந்தபிறகு தம்பியை மகனாக வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான். அதனால் எர்போலுக்கு அண்ணனிடம் இல்லை என்று சொல்ல நாக்கே எழும்பாது. உண்மையில் அவனுக்கு யாரிடமும் இல்லை என்று சொல்ல வராது. லாரியைப் பனி மூடிய கணவாயில் தனியாக ஓட்டிவருவான், ஆனால் வீட்டில் ஒருவர் முகம் சுளித்தால் தாங்கமாட்டான்.

ஒரே முற்றத்தில் எதிரும் புதிருமாக இரண்டு மண்வீடுகள். பெரிய வீட்டில் தலப்பும் பிபிஷும், சின்ன வீட்டில் எர்போலும் யஞ்சிமாவும். பிபிஷுக்குப் பிள்ளை இல்லை. அவள் பார்க்காத டாக்டர் இல்லை, ஓதிக்கொள்ளாத முல்லா இல்லை.

யஞ்சிமாவுக்கு முதலில் ஆண் குழந்தை பிறந்தது. நாற்பது நாள் ஆகும் முன்பே போய்விட்டது. அடுத்த ஆண்டு பெண் பிறந்தாள். முல்லா வந்து காதில் பாங்கு சொல்லி, அக்போதா என்று பெயர் வைத்தார். வெள்ளை ஒட்டகக் குட்டி என்று அர்த்தம். யஞ்சிமா யாருக்கும் கேட்காமல் நெர்குய் என்று கூப்பிட்டாள். பெயரில்லாதவள் என்று அர்த்தம். ஒரு பிள்ளையை எடுத்துக்கொண்டு போனது எதுவோ, அது மறுபடி வந்து பெயர் சொல்லித் தேடினால், இங்கே பெயருள்ள பிள்ளை யாரும் இல்லை என்று திரும்பிப் போகவேண்டுமாம்.

அவள் மக்களுக்குள் இன்னொரு வழக்கமும் உண்டு. ஒரு வீட்டில் பிள்ளை தங்காவிட்டால், அடுத்துப் பிறந்ததை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுவது போலக் கொடுப்பார்கள். அந்த வீட்டுப் பிள்ளையாகவே அது வளரும். பெற்றவள் வாய் திறந்து என் பிள்ளை என்று சொல்லக் கூடாது. குழந்தைக்கு முதல் முடி வெட்டும் சடங்கு வரும்வரை அப்படி. ஆணுக்கு மூன்றில் அல்லது ஐந்தில், பெண்ணுக்கு இரண்டில் அல்லது நாலில் முடி எடுப்பார்கள். அன்றைக்கு ஆபத்து தாண்டியது என்று பிள்ளை வீட்டுக்கு வந்துவிடும்.

"உங்க அண்ணன் வீட்டுல கொடுக்கலாமா? எதிர்லதானே, கண்ணுலயே இருக்கும்," என்று யஞ்சிமா எர்போலிடம் கேட்டாள்.

அதே வாரத்தில்தான் தலப் தம்பியைக் கூப்பிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு கேட்டிருந்தார். "எனக்கு உரிமையில்லடா. ஆனா உனக்கு இன்னும் பொறக்கும். எனக்கு இனிமே இல்ல." எங்கள் கசாக் குடும்பங்களில் அண்ணனுக்குப் பிள்ளை இல்லையென்றால் தம்பி தன் பிள்ளையைக் கொடுப்பான். கொடுத்தால் கொடுத்ததுதான். அதைத் திரும்பக் கேட்பது எச்சிலைத் திரும்ப எடுப்பது மாதிரி.

யஞ்சிமாவுக்கு அப்போது கசாக் தெரியாது. பிபிஷுக்கு மங்கோலியத்தில் 'வா, போ, சாப்பிடு' தாண்டாது. தலப்புக்கு மங்கோலியம் தெரியும், ஆனால் எங்கள் வழக்கப்படி தம்பி பெண்டாட்டியிடம் நேராக இப்படிப் பேச்செடுக்கமாட்டார், ஆக நடுவில் இருந்தது எர்போலின் நாக்கு ஒன்றுதான். அவன் இந்தப் பக்கம் திரும்பி, "அவங்க சரின்னுட்டாங்க, முடி எடுக்கற வரைக்கும் வளக்கறாங்க" என்றான். அந்தப் பக்கம் திரும்பி, "அவளுக்குச் சம்மதம், உங்க பிள்ளைன்னு நெனச்சுக்கோங்க" என்றான். நாலு வருடம் இருக்கிறதே, அதற்குள் யஞ்சிமாவுக்கு இன்னும் இரண்டு பிறந்துவிடும், அப்போது இவளை மறந்துபோவாள் என்று கணக்குப் போட்டானாம். பிறக்கவில்லை. இன்றுவரை அவளுக்கு வேறு பிள்ளை கிடையாது.

கொடுத்த அன்று நானும் இருந்தேன். தலப் ஆடு வெட்டினார். ஆட்டின் கணுக்காலெலும்பைக் குழந்தையின் பிஞ்சுக்கையில் வைத்து, சாட்சியாக எங்கள் எல்லோரையும் பார்த்தார்கள். எங்களுக்கு அது பத்திரம் எழுதியதற்குச் சமம். யஞ்சிமா சிரித்துக்கொண்டே பார்த்திருந்தாள். அவள் மக்களின் கல்யாணத்திலும் அதே எலும்பை மணமக்கள் கையில் கொடுத்து வாழ்த்துவார்கள், இதுவும் வாழ்த்துத்தான் என்று நினைத்தாள். பிபிஷ் அழுதுகொண்டே யஞ்சிமாவின் இரண்டு கையையும் எடுத்து முத்தமிட்டாள். நாலு வருஷம் வளர்க்கிறதுக்கே இப்படி அழுகிறாளே, எவ்வளவு நல்ல மனசு என்று யஞ்சிமாவுக்கும் கண் கலங்கியது.

பால் மட்டும் யஞ்சிமாவிடம்தான். அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பிபிஷ் முற்றத்தைக் கடந்து ஓடிவருவாள். யஞ்சிமா கொடுத்து முடிக்கும்வரை கதவருகே நின்றபடியே காத்திருப்பாள், உட்காரச் சொன்னாலும் உட்காரமாட்டாள். பல் முளைத்ததும் ஆட்டுப்பாலுக்கு மாற்றினார்கள். அதன்பிறகு பிபிஷ் வருவது நின்றது. யஞ்சிமா மார்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு தொலைபேசி நிலையத்துக்கு வேலைக்குப் போனாள்.

நாற்பதாம் நாளே பிபிஷ் எங்கள் வழக்கப்படி குழந்தையின் பிறந்தமுடியை வெட்டிவிட்டாள். யஞ்சிமா பதறிப்போனாள். "அது வேற, நம்ம முடி எடுக்கறது நாலாவது வருஷம்," என்று எர்போல் சமாதானம் சொன்னான். அப்போது பிடித்து நாலாவது வருஷம், நாலாவது வருஷம் என்று அவள் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

குழந்தை எழுந்து நடந்தபோது கால்கட்டை அறுக்க என்னைக் கூப்பிட்டார்கள். கறுப்பும் வெள்ளையும் திரித்த கயிற்றைக் கணுக்காலில் கட்டி, வேகமாக நடக்கிற ஒருத்தியைக் கொண்டு அறுத்துவிடுவோம், பிள்ளை இடறாமல் ஓடட்டும் என்று. "டீச்சர் கால் மட்டுமா வேகம், வாயும்தான்! அதையும் சேத்து வாங்கிக்கப் போகுது பிள்ள," என்று தலப்கூடச் சிரித்தார். அறுத்ததும் குழந்தை தத்தித் தத்திப் பிபிஷின் கைக்கு ஓடியது. யஞ்சிமா கூட்டத்தின் பின்னால் நின்று கைதட்டினாள்.

வாய் என்னிடமிருந்து வந்ததோ என்னவோ, அக்போதா பேச ஆரம்பித்ததும் நிறுத்தவே இல்லை. பெரிய வீட்டுக்குள் இருந்தால் கசாக். முற்றத்தைக் கடந்து சின்ன வீட்டின் வாசற்படியில் கால் வைத்தால் மங்கோலியம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒருநாள் நான் யஞ்சிமா வீட்டில் உட்கார்ந்து குழந்தையிடம் கசாக்கில் ஏதோ கேட்டேன். இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "டீச்சர், இது சித்தி வீடு. இங்க அப்படிப் பேசக் கூடாது," என்று மங்கோலியத்தில் கண்டித்தாள். மூன்று வயது. நானும் யஞ்சிமாவும் சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனோம்.

ஆமாம், சித்தி என்றுதான் கூப்பிட்டாள். பிபிஷ் அம்மா, யஞ்சிமா சித்தி. யஞ்சிமாவுக்கு அதில் வருத்தமே இல்லை.

"நல்லதுதான் டீச்சர். அவ சத்தமாச் சித்தின்னு கூப்பிடட்டும். எடுத்துட்டுப் போக வந்தது அதக் கேட்டு ஏமாந்து போகட்டும்," என்று என் காதில் சொல்வாள். அவள் எதைச் சொல்கிறாள் என்று எனக்கு அப்போது முழுசாகப் புரியவில்லை. துக்கத்தை ஆற்றிக்கொள்ள ஏதோ சொல்கிறாள் என்றுதான் இருந்தேன்.

நாலாவது வருடத்து இலையுதிர்காலம் வந்தது. யஞ்சிமாவின் அண்ணன் பதார்ச் மலையிலிருந்து குதிரையில் வந்து இறங்கினார், கூடவே ஒரு செம்மறிக் குட்டியும், நீலப்பட்டுத் துணி கட்டிய கத்தரிக்கோலும். தாய்மாமன் முதல் முடி வெட்டவேண்டும். யஞ்சிமா வெண்ணெய், தயிர்க்கட்டி, எண்ணெயில் பொரித்த மாவுருண்டை எல்லாம் அடுக்கிவைத்து, பெரிய வீட்டாரையும் என்னையும் அழைத்தாள். சின்ன வீட்டு மூலையில் புதிதாக ஒரு குட்டிக் கட்டில். அதன்மேல் சிவப்பு மெத்தை.

பதார்ச் ஒரு கற்றை முடியை வெட்டி வாழ்த்தினார். ஒவ்வொருவராக வெட்டினோம். தலப்பும் வெட்டினார், குழந்தையின் உச்சியில் முத்தமிட்டுக் கொஞ்சம் பணமும் வைத்தார். எல்லாம் முடிந்ததும் பதார்ச் எழுந்து, தலப்பின் இரண்டு கையையும் பிடித்து, "எங்க பிள்ளைய இத்தன வருஷம் காப்பாத்திக் கொடுத்தீங்க. உங்க வீட்டு நன்றிய நாங்க மறக்கமாட்டோம். இனிமே அவ அவங்க அம்மாகிட்ட இருக்கட்டும்," என்றார்.

தலப் நன்றாக மங்கோலியம் அறிந்தவர். பட்டாளத்தில் இருந்தவர். அவர் கை அப்படியே நின்றது.

"என்ன சொல்றாரு? ஏங்க, என்ன சொல்றாரு?" என்று பிபிஷ் கேட்டாள். அவள் எர்போலைப் பார்த்தாள். எல்லோரும் எர்போலைப் பார்த்தோம். அவன் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டேய், நீ இவகிட்ட என்ன சொன்ன?" என்றார் தலப்.

"அண்ணே..."

"என்ன சொன்னேன்னு கேக்கறேன்."

"முடி எடுக்கற வரைக்கும்னு சொன்னேன்."

"என்கிட்ட என்ன சொன்ன?"

எர்போல் குனிந்து அடுப்பில் இன்னொரு வரட்டியைப் போட்டான். யஞ்சிமாவுக்கு அதற்குள் கசாக் புரியத் தொடங்கியிருந்தது. அவள் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். எனக்கு எர்போலை அந்த அடுப்போடு சேர்த்து இடிக்கவேண்டும் போல இருந்தது, இன்றைக்கும் அந்த ஆத்திரம் தீரவில்லை. கெட்டவன் செய்கிற கெடுதலை எதிர்த்து நிற்கலாம். இவன் எல்லோருக்கும் நல்லவனாக இருக்கப் பார்த்து இரண்டு பெண்களின் வயிற்றில் அடித்தான்.

தலப் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். பிறகு எழுந்தார்.

"கொடுக்காத பிள்ளைய நாலு வருஷம் என்னோடதுன்னு வச்சிருந்திருக்கேன். பெத்தவ கேக்கறா. இருக்கட்டும்."

"என்னது இருக்கட்டும்? எது இருக்கட்டும்? ஏங்க, அவ என்னைய அம்மான்னு கூப்பிடறா! ராத்திரி என் காதப் பிடிச்சுக்கிட்டாத்தான் தூங்குவா!" பிபிஷ் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தலப் அவளைத் தூக்கி நிறுத்தி, தோளைப் பிடித்து வெளியே நடத்திப் போனார். வாசலில் திரும்பாமலே அவளிடம், "இந்த வீட்டு வாசப்படிய நீ மிதிக்கக் கூடாது. பிள்ளைக்குக் குழப்பமாகும்," என்றார். நியாயம்தான். அவ்வளவு நியாயம் அன்று யாருக்கும் உதவவில்லை.

அக்போதா வெட்டிய முடியும் நெற்றியில் சடங்குக்குத் தடவிய வெண்ணெயுமாக நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். இருட்டத் தொடங்கியதும் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, "சித்தி, நான் வீட்டுக்குப் போறேன்," என்றாள்.

"இதுதான் கண்ணு உன் வீடு. நான்தான் உன் அம்மா."

"சித்தி..."

"சித்தி இல்லடா. அம்மா. அம்மான்னு சொல்லு."

குழந்தை அவள் முகத்தையே பார்த்தது. அதோடு பேச்சு நின்றது.

முதலில் கோபம் என்றுதான் நினைத்தோம். சின்னப் பிள்ளை, நாலு நாளில் சரியாகும் என்று நானே சொன்னேன். ஆற்றில் பனிக்கட்டி கட்டியது, அவள் வாய் திறக்கவில்லை. பாலர் பள்ளியிலும் பேச்சில்லை. பாட்டு வகுப்பில் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு எல்லோரையும் பார்ப்பாள். கூப்பிட்டால் வருவாள், கொடுத்தால் சாப்பிடுவாள், கழற்றச் சொன்னால் பூட்ஸைக் கழற்றுவாள். வீட்டில் ஜன்னலோரமே இருப்பு. கண்ணாடியில் உறைந்த பனியை விரலால் உருக்கி ஓட்டை செய்து பெரிய வீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அங்கே திரை இழுத்து மூடியிருக்கும். திரைக்குப் பின்னால் பிபிஷ் நின்றுகொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியும்.

பிபிஷ் ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் என்னைப் பிடித்தாள். பாதியாக இளைத்திருந்தாள். மாவுருண்டைகள் கட்டிய ஒரு துணியை என் கையில் திணித்தாள்.

"நான் கொடுத்தேன்னு சொல்லிடாதீங்க டீச்சர். சும்மா கொடுங்க."

கொடுத்தேன். சொல்லவா வேண்டும், அக்போதாவுக்கு அந்த வாசனையே போதும். வாயில் போடாமல் ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பொத்திக்கொண்டாள். மத்தியானத் தூக்கத்திலும் விடவில்லை. சாயங்காலம் அது பொடிப்பொடியாக உதிர்ந்து போயிருந்தது.

மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். காது சரி, தொண்டை சரி. அங்கிருந்த டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "ரெண்டு பாஷையப் போட்டுக் குழப்பிட்டீங்க. ஒண்ண நிறுத்துங்க," என்றார். முல்லா வந்து ஓதித் தாயத்துக் கட்டினார். பதார்ச் ஒரு லாமாவிடம் கேட்டு மந்திரித்த நூல் கொண்டுவந்தார். இரண்டும் குழந்தையின் கழுத்தில் ஒன்றாகத் தொங்கின. இரண்டு பாஷையால் ஒரு பிள்ளை ஊமையானதை என் காலத்தில் நான் பார்த்ததில்லை, எங்கள் ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு இரண்டும் தண்ணீர்பட்ட பாடு. அதை நான் சொன்னேன். ஆனால் பயந்துபோன தாய்க்கு டாக்டர் பேச்சுத்தான் பெரிது.

யஞ்சிமா தன் பாஷையை நிறுத்தினாள். அந்த வீட்டில் மங்கோலியம் ஒரு சொல் கேட்காது. தனக்குப் பாதிகூட வராத கசாக்கில் குழந்தையிடம் பேசினாள், நேற்றையும் நாளையையும் மாற்றி, வெயிலைக் குளிர் என்று சொல்லி. வேலிக்கு இந்தப் பக்கம் நான் சாணி வரட்டி அடுக்கிக்கொண்டிருப்பேன். தெரியாத பாஷையில் ஒரு தாலாட்டைத் தடவித் தடவி அவள் பாடுவது காதில் விழும். எனக்குத் தாங்காது, வரட்டியைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவேன்.

பனி உருகத் தொடங்கியிருந்த ஒரு மத்தியானம், யஞ்சிமா முக்காடுகூட இல்லாமல் என் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். குழந்தையை இடுப்பில் வைத்திருந்தாள். குழந்தையின் கை ஈரத்துணியில் சுற்றியிருந்தது.

"டீச்சர், கை வெந்துபோச்சு. அடுப்பு மூடியத் தொட்டுட்டா."

துணியைப் பிரித்தேன். உள்ளங்கை பூராவும் கொப்புளம். குழந்தையின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. சத்தம் மட்டும் இல்லை.

"நான் முதுகக் காட்டிட்டு மாவு பெசஞ்சிட்டிருக்கேன். கத்தல டீச்சர். கையப் பிடிச்சுக்கிட்டுச் சும்மா நிக்கிறா. எவ்வளவு நேரம் அப்படி நின்னாளோ எனக்குத் தெரியாது." யஞ்சிமா துணியை மறுபடி நனைத்துப் பிழிந்தாள். "யாரக் கூப்பிட்டு அழறதுன்னு அவளுக்குத் தெரியல. சித்தின்னு கூப்பிடாதேன்னுட்டேன். அம்மான்னு கூப்பிட அவளுக்கு வாய் வரல. அவளுக்குக் கூப்பிட ஒரு ஆளு இல்லாமப் பண்ணிட்டேன் டீச்சர்."

மருந்து போட்டுக் கட்டினேன். அவள் என்ன யோசிக்கிறாள் என்று புரிந்தது.

"அடியே, அவசரப்படாத. பெத்தவ நீ. இன்னும் ஒரு வருஷம் பொறுத்தா தானா மாறும். பிள்ளைங்க மறந்துரும்."

"மறந்துருவா. பேசவும் பேசுவா. ஆனா அந்த ஒரு வருஷம் பூராவும் கை சுட்டா அழாம நிப்பாளே? அத நான் பக்கத்துல உக்காந்து பாத்துட்டிருக்கணுமா?"

அவள் வீட்டுக்குப் போய், குழந்தையின் துணிகளை மூட்டை கட்டி, சிவப்பு மெத்தையையும் சுருட்டிக் கட்டினாள். எர்போல் அப்போதுதான் வண்டியிலிருந்து இறங்கி வந்தான்.

"இரு, நான் போய் அண்ணன்கிட்டப் பேசறேன்," என்றான்.

"நீ பேசினது போதும்," என்றாள். அவ்வளவுதான். அவனும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தான்.

முற்றம் சேறாகிக் கிடந்தது. நான் வேலியில் சாய்ந்து நின்றேன், போகவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. காலடிச் சத்தம் கேட்டுத் தலப் வெளியே வந்தார். மூட்டையைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்தது.

"வேணாம்மா. நாங்க கேக்கல," என்று மங்கோலியத்தில் சொன்னார்.

யஞ்சிமா கசாக்கில் பேசினாள். அந்த உடைந்த கசாக்கில், நிறுத்தி நிறுத்தி. "போன தடவ நான் கொடுக்கல. எனக்காக இன்னொரு ஆள் கொடுத்தாரு. இந்தத் தடவ நானே கொடுக்கறேன். என் வாயால சொல்றேன், கேட்டுக்கோங்க. இவ உங்க பிள்ள. திரும்பக் கேக்கமாட்டேன்."

தலப் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். பிபிஷ் நிலைப்படியில் நின்றாள். மிதிக்கக் கூடாது என்று அவர் சொன்ன வாசல் அது இல்லை, அவள் சொந்த வாசல்தான். ஆனாலும் படியிறங்கப் பயந்துகொண்டு, கதவை இறுகப் பிடித்தபடி நின்றாள்.

குழந்தை ஓடவில்லை. யஞ்சிமாவின் விரலைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை அங்கே பார்த்தாள், ஒருமுறை இவளைப் பார்த்தாள். எது செய்தால் தப்பு என்று நாலு வயதுப் பிள்ளை யோசித்துக்கொண்டு நின்றது.

யஞ்சிமா சேற்றில் மண்டியிட்டாள். குளிர்காலம் முழுக்க வாயில் பூட்டி வைத்திருந்த தன் பாஷையில் பேசினாள்.

"போ கண்ணு. அங்க பாரு, அம்மா நிக்கிறாங்க. நான் உன் சித்தி. சித்தின்னே கூப்பிடு. தப்பு இல்ல."

அக்போதா அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தாள், நிஜமாகத்தான் சொல்கிறாளா என்று. பிறகு விரலை விட்டாள். சேற்றில் பூட்ஸ் புதையப் புதைய ஓடினாள். "அம்மா, கை சுட்டுருச்சு!" என்று வீரிட்டாள். பிபிஷ் அள்ளி எடுத்துக்கொண்டாள். மத்தியானம் அழாத அழுகையெல்லாம் அப்போது வந்தது. தெரு முழுக்கக் கேட்டிருக்கும். யஞ்சிமா மண்டியிட்ட இடத்திலேயே இருந்தாள்.

அழுது ஓய்ந்து விக்கிக்கொண்டே, குழந்தை பிபிஷின் தோளிலிருந்து தலையைத் தூக்கித் திரும்பிப் பார்த்தாள். மூக்கைப் புறங்கையால் துடைத்தாள்.

"சித்தி," என்றாள், மங்கோலியத்தில், பழையபடி தெளிவாக. "நாளைக்கு உங்க வீட்டுக்கு விளையாட வரட்டுமா?"

"வா கண்ணு," என்றாள் யஞ்சிமா. "அம்மாகிட்டக் கேட்டுட்டு வா."